ஏழு சீட் வண்டியைக் கடைசி வரிசையிலிருந்து பாருங்கள்

ஏழு சீட் எஸ்யுவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை முன்னாலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். கிரில் எப்படி இருக்கிறது, டேஷ்போர்டில் எத்தனை திரை, சன்ரூஃப் எவ்வளவு பெரிது, எஞ்சின் எத்தனை பி.எஸ். (குதிரைசக்தி) என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, டெஸ்ட் டிரைவும் முடித்து, விலை பேசும் நேரத்தில் டிக்கியைத் திறந்து "சரி, பின்னாலயும் சீட் இருக்கு" என்று மூடிவிடுகிறார்கள். நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ஐந்து சீட் வண்டியை விட்டுவிட்டு இதற்கு வருவதே அந்தக் கடைசி வரிசைக்காகத்தான், அதனால் அங்கேதான் தொடங்க வேண்டும். அங்கே யார் உட்காரப் போகிறார்கள், மாதத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு தூரம், அவர்கள் உட்கார்ந்த பிறகு பெட்டிகள் எங்கே போகும்? இதற்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே பாதி வண்டிகள் கழிந்துவிடும்.

முதலில் இந்த வண்டிகள் எப்படி உருவாகின்றன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் சந்தையில் இருக்கும் நடுத்தர ஏழு சீட் எஸ்யுவிகளில் சில, ஏற்கெனவே இருந்த ஐந்து சீட் வண்டியிலிருந்து வந்தவை. 2021-ல் வந்த டாடா சஃபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடிப்படை ஹாரியர். ஹாரியரின் நீளம் 4598 மி.மீ., சஃபாரி 4661 மி.மீ., ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், இரண்டிலும் அதே 2741 மி.மீ. கூடுதலாகக் கிடைத்தது 63 மி.மீ. வால், பின்பக்கம் கொஞ்சம் உயர்த்திய கூரை, அவ்வளவுதான். எம்ஜி ஹெக்டருக்கும் ஹெக்டர் பிளஸ்ஸுக்கும் இதே கதை: வீல்பேஸ் மாறாமல் 2750, நீளம் மட்டும் 4655-லிருந்து 4720. அப்படியானால் மூன்றாவது வரிசைக்கு இடம் எங்கிருந்து வந்தது? டிக்கியிலிருந்து வந்தது. ஹெக்டரில் 587 லிட்டர் இருந்த டிக்கி, பிளஸ்ஸில் எல்லா சீட்டையும் நிமிர்த்தி வைத்தால் 155 லிட்டராகிவிடுகிறது. ஹூண்டாய் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. கிரெட்டாவின் 2610 மி.மீ. வீல்பேஸை 2760-க்கு நீட்டி, நீளத்தை 4300-லிருந்து 4500 ஆக்கி, அல்கஸாரை ஸ்ரீபெரும்புதூரில் செய்ய ஆரம்பித்தார்கள். 150 மி.மீ. வீல்பேஸ் கூடியது நிஜமான கூடுதல்தான், ஆனால் வண்டியின் அகலம் கிரெட்டா வகையறாவின் அகலம்தான் என்பதால் தோள்பட்டைக்கு இடம் அதே அளவில் நின்றுவிட்டது.

செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்யுவி 700 இந்தக் கணக்கில் கொஞ்சம் வேறு. அதில் ஐந்து சீட்டும் ஏழு சீட்டும் ஒரே உடலில் வந்தன. நீளம் 4695, வீல்பேஸ் 2750. பின்னால் ஒட்டவைத்தது போலத் தெரியாது. ஆனாலும் அதன் கடைசி வரிசையில் ஐந்தே முக்கால் அடி ஆள் ஒருவர் விழுப்புரம் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வருவார், அதற்கப்புறம் சிரிக்க மாட்டார்.

இதற்குக் காரணம் இடத்தின் நீளத்தைவிட உயரம். காலை நீட்ட இடம் இருக்கிறதா என்று முட்டிக்கு முன்னால் நாலு விரல் வைத்துப் பார்ப்பார்கள், அது போதாது. கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலேயோ அதற்குக் கொஞ்சம் பின்னாலேயோ இருக்கிறது. அந்தத் தரைக்குக் கீழே சஸ்பென்ஷன் ஓடுகிறது, அதனால் தரை மேலே ஏறிவிடுகிறது. கூரையோ ஓரளவுக்கு மேல் ஏற முடியாது, பின்பக்கம் சரிந்துதான் வர வேண்டும், அப்போதுதான் எஸ்யுவி தோற்றம் வரும். மேலே கூரை, கீழே ஏறிய தரை, நடுவே சீட்டைத் தரையோடு ஒட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தரைக்கும் சீட்டுக்கும் உயரம் குறைந்தால் முட்டி மேலே போகும், தொடை சீட்டில் படாது, உடம்பின் எடை முழுவதும் இடுப்பின் கீழே ஒரே இடத்தில் இறங்கும். பத்து நிமிடத்தில் இது தெரியாது. ஒரு மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும். பேட்டரியைத் தரைக்குக் கீழே பரப்பி வைக்கும் எலெக்ட்ரிக் ஏழு சீட் வண்டிகளிலும் இதே தரை உயரத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே நடு வரிசைக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைக்கும் வண்டிகளில், அதாவது ஸ்கார்பியோ என், ஃபார்ச்சூனர் போன்றவற்றில், இது இன்னும் கூடுதல். சட்டத்தின் தடிமன், பின் சக்கரத்தை ஓட்டும் டிஃபரென்ஷியல், அது மேலும் கீழும் ஆட வேண்டிய இடம் எல்லாம் சேர்ந்து தரையை உயர்த்திவிடும். ஃபார்ச்சூனரில் கடைசி சீட்டுகள் தரைக்குள் மடங்காமல் இரண்டு பக்கமும் ஜன்னலோரமாக மடித்து மாட்டும்படி இருப்பது இதனால்தான். மடித்தாலும் டிக்கியின் அகலத்தை அவை தின்றுவிடும். மோசமான காட்டுப் பாதைக்கும், சுமை இழுப்பதற்கும், பல வருட அடிக்கும் அந்தச் சட்டம் அருமையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சென்னையிலிருந்து திருச்செந்தூருக்கு நாலுவழிச் சாலையில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போவதற்கு அது பதில் இல்லை.

இங்கேதான் நம் ஊரில் பலர் ஒத்துக்கொள்ள விரும்பாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு பேர் உண்மையிலேயே அடிக்கடி போகிற குடும்பத்துக்கு எஸ்யுவி உடல்வாகு சரிப்படாது, எம்பிவி, அதாவது கூரை நேராகப் பின்னால்வரை போகும் பயணிகள் வண்டியின் உடல்வாகுதான் சரி. 2000-ல் வந்த குவாலிஸ், 2005-ல் வந்த இன்னோவா இரண்டும் கல்யாண வீடுகளுக்கும் டாக்ஸிக்காரர்களுக்கும் இவ்வளவு பிடித்துப்போனது, கூரை நேராகப் பின்னால்வரை போனதாலும் பின் கதவு செங்குத்தாக நின்றதாலும்தான். இப்போதைய இன்னோவா ஹைகிராஸ் ஒரு படி மேலே போய் ஏணிச் சட்டத்தையே விட்டுவிட்டது. முன் சக்கர ஓட்டம் என்பதால் பின்னால் டிஃபரென்ஷியல் இல்லை, வீல்பேஸ் 2850 மி.மீ., முந்தைய இன்னோவா கிரிஸ்டாவைவிட 100 மி.மீ. கூடுதல். அந்த 100 மி.மீ. முழுக்க உள்ளே இருக்கிறவர்களுக்குப் போகிறது. விலை குறைந்த பக்கம் பார்த்தால் மாருதி எர்டிகா 2740, கியா கேரன்ஸ் 2780. அல்கஸாரின் நீளம் இப்போது 4560, கேரன்ஸ் 4540, ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கேரன்ஸில் 20 மி.மீ. கூடுதலாக வீல்பேஸ் இருக்கிறது. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வண்டியில் வாரா வாரம் போகிறவர்கள், உயரமான பானெட்டுக்காக எஸ்யுவி வாங்கிவிட்டு ஒவ்வொரு பயணத்திலும் பின்னால் யார் ஏறுவது என்று சண்டை போடுவதைவிட, எம்பிவி என்ற பெயரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டிக்கிக்கு வருவோம். எல்லா சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216, அல்கஸாரில் 180. ரெனோ டிரைபரில் 84. நாலு மீட்டருக்குள் ஏழு சீட் வைத்தால் அவ்வளவுதான் மிஞ்சும், ஆனால் கடைசி சீட்டுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் ஆகிவிடும் என்பது அந்தச் சின்ன வண்டியின் கெட்டிக்காரத்தனம். இந்த எண்களை வைத்துக்கொண்டு யோசியுங்கள்: விமானத்தில் கையோடு எடுத்துப் போகும் சிறிய பெட்டியே சுமார் 40 லிட்டர் வரும். ஏழு பேர் மூன்று நாள் பயணம், ஆளுக்கு ஒரு பை, அதோடு பூஜை சாமான், தண்ணீர் கேன், ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு மூட்டை அரிசியும் இரண்டு குலை தேங்காயும். எந்த நடுத்தர எஸ்யுவியிலும் இது ஏறாது. ஆகவே ஏழு சீட் எஸ்யுவி என்பது உண்மையில், ஏழு பேரும் பெட்டியில்லாமல் பக்கத்தில் போகலாம், அல்லது ஐந்து பேர் நிறையப் பெட்டியோடு தூரம் போகலாம் என்கிற வண்டி. ஏழு பேரும் வேண்டும், பெட்டியும் வேண்டும், தூரமும் வேண்டும் என்றால் கூரையில் கேரியர் போட வேண்டியிருக்கும். அதற்கு எவ்வளவு எடை தாங்கும் என்று வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பார்கள், மேலே எடை ஏறினால் வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், மைலேஜும் குறையும்.

அடுத்தது, கடைசி வரிசையில் யார்? முட்டிவலி உள்ள அம்மாவையோ அப்பாவையோ அங்கே ஏறச் சொல்லவே கூடாது. நடு சீட்டை மடித்து, ஒரு கால் உள்ளே வைத்து, உடம்பைத் திருப்பி, குனிந்து நுழைவது இளைஞருக்கே சிரமம். அப்படியானால் அங்கே போவது பிள்ளைகள். எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடிக்கவும் செய்யும். ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ மூன்று வயதுக் குழந்தையோ இருந்தால் ஒரு சிக்கல் வருகிறது, அதை வாங்கிய பிறகுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். குழந்தை இருக்கையை நடு வரிசையில் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிவிட்டால், அந்த சீட்டை மடித்துக் கவிழ்க்க முடியாது, கடைசி வரிசைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். இப்படிப்பட்ட வீட்டுக்கு நடுவில் இரண்டு தனித்தனி இருக்கைகள் கொண்ட ஆறு சீட் வேரியண்ட் ரொம்ப நல்லது. பெரிய பிள்ளை இரண்டு சீட்டுக்கும் இடையே நடந்து பின்னால் போய்விடும். சஃபாரி, அல்கஸார், எக்ஸ்யுவி 700 எல்லாவற்றிலும் ஆறு சீட் வந்திருக்கிறது. ஆனால் இடைவெளியின் அகலம் வண்டிக்கு வண்டி மாறும், சிலவற்றில் நடுவில் ஒரு கன்சோல் வைத்து வழியை அடைத்திருப்பார்கள், பிள்ளையையே அழைத்துப்போய் நடக்கவிட்டுப் பாருங்கள். மாறாக, வயதானவர்கள் இருவரும் அவர்களோடு ஒரு பேரப்பிள்ளையும் எப்போதும் நடுவில் உட்காருவார்கள் என்றால் நீள இருக்கை கொண்ட ஏழு சீட்டே மேல், தேவைப்பட்டால் ஒருவர் சாய்ந்து படுக்கவும் செய்யலாம்.

ஏசி பற்றி விற்பனையாளர் "மூணு வரிசைக்கும் ஏசி இருக்கு சார்" என்று சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று துளை இருப்பது ஒன்று, குளிர்ந்த காற்று வருவது இன்னொன்று. சில வண்டிகளில் முன்னாலிருந்து நீண்ட குழாய் வழியாக வந்து சேரும் காற்று பாதி வேகத்தை இழந்துவிடும். சிலவற்றில் பின்னால் ஒரு மின்விசிறி மட்டும் இருந்து உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும். கூரையிலிருந்து வரும் காற்றுதான் நம் வெயிலுக்குச் சரி, ஏனென்றால் குளிர்ந்த காற்று தானே கீழே இறங்கும், முகத்திலும் படும். இன்னோவாக்களில் பல வருடமாக இது இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு, வெயிலில் நின்ற வண்டியை எடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் வியர்வை நிற்கிறது என்று பாருங்கள். காலை பத்து மணிக்கு ஷோரூம் நிழலில் நிற்கும் வண்டியில் எல்லா ஏசியும் நன்றாகத்தான் இருக்கும்.

குமட்டல் இன்னொரு விஷயம், இதை யாரும் பேசுவதில்லை. பின் அச்சுக்கு மேலே உட்காருகிறவருக்கு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் நேராக முதுகில் ஏறும். வளைவில் வண்டியின் பின்பகுதிதான் அதிகம் வீசும். முன்னால் சாலையும் தெரியாது, பக்கத்து ஜன்னலும் சின்னது. கண் ஒன்று சொல்ல, அசைவை உணரும் உள்காது வேறொன்று சொல்ல, வயிறு புரட்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ வால்பாறையின் 40 வளைவிலோ பின்னால் உட்கார்ந்த பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். 18, 19 அங்குலப் பெரிய சக்கரம் வரும் உயர் வேரியண்ட்டில் டயரின் பக்கச் சுவர் மெலிசாக இருப்பதால் அதிர்வு கூடும். 17 அங்குலம் வரும் கீழ் வேரியண்ட் பார்க்கக் கொஞ்சம் எளிமையாக இருந்தாலும் பின்னால் இருப்பவருக்கு அதுதான் சுகம், டயர் மாற்றும்போது பையும் கொஞ்சம் தப்பிக்கும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம், பாதுகாப்பு. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனை நடக்கிறது, அதன் முதல் முடிவுகளில் அந்த டிசம்பரிலேயே சஃபாரி ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எக்ஸ்யுவி 700-க்கு 2021-லும் ஸ்கார்பியோ என்னுக்கு 2022-லும், இதே மாதிரியான சர்வதேசச் சோதனையான குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கான ஐந்து நட்சத்திரம் கிடைத்தன. குழந்தைகளுக்கு முதலாவது நான்கு, இரண்டாவது மூன்று. 2024-ல் அதே குளோபல் என்கேப், ஆப்பிரிக்காவில் விற்கும் இந்தியத் தயாரிப்பு எர்டிகாவுக்குப் பெரியவர்கள் பகுதியில் ஒரே நட்சத்திரம் கொடுத்தது. இவை எல்லாம் தெரிந்திருக்க வேண்டியவை, எஸ்யுவி பக்கம் சாய்வதற்கு இது நியாயமான காரணமும்கூட. ஆனால் இந்தச் சோதனையில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்: மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வண்டியின் முன்பக்கத்தில் 40 சதவீதம் ஒரு தடுப்பில் மோதும்படி விடுகிறார்கள். முன் சீட்டில் இரண்டு பெரியவர் பொம்மைகள், நடு வரிசையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை பொம்மைகள். பக்கவாட்டுச் சோதனை தனியாக உண்டு. கடைசி வரிசையில் ஒரு பொம்மையும் உட்காருவதில்லை, பின்னாலிருந்து லாரி மோதுவது போன்ற சோதனையும் இல்லை. அதாவது ஐந்து நட்சத்திரம் உங்கள் கடைசி வரிசையைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை.

ஆகவே நாமே பார்க்க வேண்டும். கடைசி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, தலைக்கும் பின் கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தலைசாய்ப்பான் தலையின் நடுப்பகுதி வரை உயருகிறதா, கழுத்தோடு நின்றுவிடுகிறதா? பெல்ட் தோளிலிருந்து இடுப்பு வரை மூன்று புள்ளியில் பிடிக்கிறதா? பெல்ட் போடாவிட்டால் எச்சரிக்கும் ஒலி கடைசி வரிசைக்கும் உண்டா? பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி ஜன்னல் வரை நீள்கிறதா, நடு வரிசையோடு நின்றுவிடுகிறதா? ஆறு ஏர்பேக் என்ற எண்ணிக்கை இதைச் சொல்லாது, கையேட்டில் இருக்கும் படம்தான் சொல்லும். பொலேரோ நியோ போல் பின்னால் எதிரும் புதிருமாகப் பக்கவாட்டில் உட்காரும் இருக்கைகள் இருந்தால், அதில் பிள்ளைகளை வைத்து நெடுஞ்சாலையில் போகவே வேண்டாம், அந்த இருக்கை மோதலைத் தாங்க வடிவமைத்த திசையில் இல்லை. அப்புறம், கடைசி வரிசையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது, 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இல்லை, பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் மோதலில் முன்சீட்டுக்காரர் மேல் முழு எடையோடு போய் விழுவார் என்பதற்காக.

எஞ்சினைப் பற்றி நான் சுருக்கமாகச் சொல்லக் காரணம், இதைத்தான் எல்லோரும் ஏற்கெனவே நிறையப் பேசுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்க மறக்கிறார்கள், டெஸ்ட் டிரைவில் வண்டிக்குள் மூன்று பேர்தான் இருப்பார்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தால் ஏழு பேர் 455 கிலோ, சாமானோடு 500-ஐத் தாண்டும். எர்டிகாவின் 103 பி.எஸ். பெட்ரோல் எஞ்சின் நாலு பேரோடு இனிமையாகப் போகும், ஏழு பேரோடு குன்னூர் ஏற்றத்தில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே அல்லாடும். எக்ஸ்யுவி 700-ன் 185 பி.எஸ். டீசல், ஆட்டோமேட்டிக்கில் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, சஃபாரி டீசலின் 170 பி.எஸ்., 350 நியூட்டன் மீட்டர் போன்றவற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அல்கஸாரின் 116 பி.எஸ். டீசல் நடுவில் நிற்கிறது, போதும், ஆனால் மிச்சம் இல்லை. அதன் டர்போ பெட்ரோலில் 160 பி.எஸ். உண்டு, ஆனால் அதற்கு வரும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் முழுச் சுமையோடு மலை ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும் வகை. டீசலுக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அந்த இடத்தில் பொறுமைசாலி. அடிக்கடி ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். டீசலா பெட்ரோலா என்றால், தினமும் ஐந்து கிலோமீட்டர் பள்ளிக்கூடம், கடை என்று மட்டும் ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும், ஓடாவிட்டால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மாதம் இரண்டு தடவையாவது நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. நகர நெரிசலில்தான் பெரும்பாலும் ஓட்டம் என்றால் ஹைகிராஸின் ஹைப்ரிட் நல்லது, சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கி.மீ.; சாலையில் அதைவிடக் குறையும், ஆனாலும் இவ்வளவு பெரிய பெட்ரோல் வண்டிக்கு அது பெரிய விஷயம். நாலு சக்கர ஓட்டம் நம் சாலைகளுக்கு அநேகமாகத் தேவையில்லை, எஸ்டேட் பாதையில் தினமும் போகிறவர்கள் மட்டும் வாங்கினால் போதும்.

சுமை ஏறும்போது டயர் காற்றும் கூட வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருக்கும், பெட்ரோல் பங்கில் அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் வரி மாறியது தெரிந்ததே. அதற்கு முன் நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து 170 மி.மீ. உயரம் என்று மூன்றும் சேர்ந்தால் ஜிஎஸ்டியும் செஸ்ஸுமாக 50 சதவீதம். இப்போது செஸ் இல்லை, 40 சதவீதம். டிரைபர் போல நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு 18 சதவீதம்தான். இதோடு தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய சாலை வரி இருக்கிறது: 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், 20-ஐத் தாண்டினால் 20 சதவீதம். இந்த 20 லட்சக் கோடு இந்த வகை வண்டிகளுக்கு நேர் நடுவில் ஓடுகிறது. 19.9 லட்சம் வண்டிக்கு சாலை வரி சுமார் 3.58 லட்சம், 20.5 லட்சம் வண்டிக்கு 4.10 லட்சம். "அறுபதாயிரம்தான் சார் வித்தியாசம், மேல் வேரியண்ட் போயிடுங்க" என்று சொல்லும் இடத்தில் உண்மையான வித்தியாசம் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டும், காப்பீடும் அதற்கேற்பக் கூடும். எக்ஸ்ஷோரூம் விலையை வைத்து ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு வேரியண்ட்டுக்கும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

அகலத்தையும் அளந்துவிடுங்கள். சஃபாரி 1922 மி.மீ., ஸ்கார்பியோ என் 1917, எக்ஸ்யுவி 700 1890, ஹைகிராஸ் 1850, அல்கஸாரும் கேரன்ஸும் 1800, எர்டிகா 1735. இதெல்லாம் கண்ணாடி சேர்க்காத அளவு. இரண்டரை மீட்டர் அகலப் பார்க்கிங்கில் சஃபாரியை நிறுத்தினால் பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், ஒரு பக்கம் தூண் இருந்தால் அந்தப் பக்கம் கதவு திறக்காது. பாட்டி இறங்கும் பக்கம் எது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். வீட்டில் நாலு பேர், வருடத்துக்கு ஐந்தாறு தடவைதான் ஆறாவது ஏழாவது ஆள் ஏறுவார் என்றால், நல்ல ஐந்து சீட் வண்டியை வாங்கி அந்த நாட்களில் ஒரு இன்னோவா டாக்ஸி பிடியுங்கள், மிச்சமாகும் பணத்தில் பல வருடம் பிடிக்கலாம். நாலு பேர், இரண்டு பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிக்கொண்டிருக்கிறார்கள், தாத்தா பாட்டி வாரம் ஒருமுறை கோயிலுக்கு, மருத்துவமனைக்கு வருவார்கள் என்றால் எக்ஸ்யுவி 700, சஃபாரி வகைதான் சரி, கடைசி வரிசை பிள்ளைகளுக்கு, பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆறு ஏழு பெரியவர்கள் மாதம் ஒருமுறையாவது நூறு கிலோமீட்டருக்கு மேல் போவார்கள் என்றால் ஹைகிராஸ், அந்த அளவுக்குப் பணம் இல்லையென்றால் கேரன்ஸ். அல்கஸார் எனக்குப் பிடித்த வண்டிதான், ஆனால் அதை ஆறு சீட் வண்டியாக நினைக்காமல் நாலு பேர் ராஜா மாதிரி போய்வர, எப்போதாவது இரண்டு பிள்ளைகள் பின்னால் ஏறும் வண்டியாக நினைத்து வாங்குங்கள்.

ஷோரூமுக்கு வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கொடுப்பது உங்கள் பணம். அங்கே நடு சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவைத்துத்தான் கடைசி வரிசையைக் காட்டுவார்கள். முதலில் ஓட்டுநர் சீட்டை உங்களுக்கு வேண்டியபடி வையுங்கள், அதன் பின்னால் நடு சீட்டை வீட்டில் உயரமானவர் உட்கார்ந்து தனக்குச் சரியாக வைக்கட்டும், அதற்கப்புறம் மிஞ்சும் இடம்தான் கடைசி வரிசை. அதில் ஒருவர் இருபது நிமிடம் உட்காரட்டும். நடு சீட்டை மடிக்கும் பிடியை அம்மா இழுத்துப் பார்க்கட்டும். கடைசி வரிசைத் தலைசாய்ப்பான்களை உயர்த்திவிட்டுப் பின்கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று ஓட்டுகிறவர் பார்க்கட்டும். வீட்டிலிருந்து இரண்டு பெட்டி எடுத்துப்போய் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். ஏழு பேரையும் ஏற்றி டெஸ்ட் டிரைவ் கொடுக்க மாட்டோம் என்று சொன்னால், அதே மாடலை சுயமாக ஓட்டும் வாடகைக்கு எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகத் திருவண்ணாமலையோ காஞ்சிபுரமோ போய்வாருங்கள், திரும்பி வரும்போது கடைசி வரிசையில் இருந்தவர் சொல்வதைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.